மூன்றாவது தலை

குடாநாட்டு எழில்காட்சி மேம்பாட்டுச் சபையிலிருந்து கனகலிங்கத்துக்குக் கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கடிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்ல தடித்த தாள், தலைப்பில் பனையும் படகும் போட்ட சின்னம், கீழே பச்சை மையில் கையெழுத்து. ‘எமது மினிவான் எழில் உலாவுக்குத் தாங்கள் மாதிரிப் பயணியாகத் தெரிவுசெய்யப்பட்டுள்ளதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம்’ என்று தொடங்கி, ‘சமுகமளிக்கத் தவறின் அது கவனத்தில் எடுக்கப்படும்’ என்று முடிந்திருந்தது. மகிழ்ச்சிக்கும் கவனத்துக்கும் இடையில் நான்கே வரி.

கனகலிங்கம் மகிழ்ச்சியை விட்டுவிட்டுக் கவனத்தை மட்டும் மூன்று தரம் வாசித்தார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் மூன்று பரப்புக் காணி இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு உடுத்த உடுப்போடு விட்டு ஓடிய காணி. முப்பத்துமூன்று வருடம் ஆமியின் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்து, இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் கைக்கு வந்தது. கூரை போன சுவர்களுக்குத் தகரம் போட்டு, கிணற்றை இறைத்து, பத்து வாழைக்குட்டி வைத்து, அவரும் மனைவி இரத்தினம்மாவும் இப்போதுதான் ஒரு மாதிரி மூச்சுவிடத் தொடங்கியிருந்தார்கள். அந்த விலாசம் ஒரு கந்தோருக்குத் தெரிந்திருக்கிறது என்று கண்டதும் அவர் கடித உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“போகாமல் விட்டால் என்ன செய்வாங்கள்?” என்று கேட்டார் இரத்தினம்மா.

“கவனத்திலை எடுப்பாங்களாம்.”

“எடுத்து?”

“அதைத்தான் எழுதேல்லை.”

எழுதாமல் விட்டதுதான் இருவரையும் கூடப் பயப்படுத்தியது. இரத்தினம்மா அவருடைய வெள்ளைச் சேட்டை எடுத்து இஸ்திரியால் மினுக்கிக் கொடுத்தார். “ஏறினதும் ஒருக்கால், இறங்கினதும் ஒருக்கால் போன் எடுங்கோ” என்று மட்டும் சொன்னார்.

யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு வான் நின்றது. அதைக் கண்டதும் கனகலிங்கத்தின் கால் தானாக நின்றுவிட்டது. வான் வெள்ளை. வெள்ளை என்றால் கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளை. இந்த நாட்டில் அந்த மாதிரி வானில் ஏறிப்போனவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. இறங்கி வந்தவர்களின் பட்டியல் அவ்வளவு நீளமில்லை.

“நிறம் பற்றி ஆறு மாதம் ஆய்வு செய்தோம்” என்றார் சபையின் பணிப்பாளர் லெனாட், வானின் கதவைத் தடவியபடி. அவர் கொழும்பில் பிறந்து, சிங்கப்பூரில் எழில் முகாமைத்துவம் படித்தவர். யாழ்ப்பாணத்துக்கு இது அவருடைய ஏழாவது வருகை, ஏழும் விமானத்தில். “ஒரு சதமும் விளம்பரத்துக்குச் செலவழிக்காமலே வடபகுதி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் வெள்ளை வானைப் பார்த்தவுடன் அடையாளம் காண்கிறார்கள். சிறுவர்கள்கூட. இவ்வளவு பரிச்சயம் எந்தச் சோடாக் கொம்பனிக்கு இருக்கிறது? இருக்கிற பரிச்சயத்தை வீணாக்கலாமா?”

கனகலிங்கம் தலையை ஆட்டினார். அவருக்கு அது பழக்கம். உத்தியோகத்தர் ஒருவர் வாய் திறந்தால் தலை தன்பாட்டில் ஆடும். எதிர்த்துப் பேசினால் பிரச்சினை, பேசாமல் நின்றால் திமிர், ஆட்டினால் வீட்டுக்குப் போகலாம். எங்கள் ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் அறுபது வயதைக் கண்டிருக்கிறார்கள், நானும் விதிவிலக்கில்லை.

வழிகாட்டி தனுஷிகா ஒரு துணிப்பையோடு வந்தாள். “ஐயா, போனைத் தாங்கோ. எழிலைக் கண்ணாலைதான் பாக்கோணுமெண்டு சுற்றறிக்கை.”

“மனிசிக்கு ஒருக்கால் எடுத்துச் சொல்லிப்போட்டு…”

“ஏறமுதல் வாங்கச் சொல்லியிருக்கு ஐயா. குறை நினையாதையுங்கோ.”

போன் பைக்குள் போனது. பிறகு ஒரு படிவம் வந்தது. ‘நான் பயணி, காட்சி அல்லேன்’ என்று மேலே தடித்த எழுத்தில் இருந்தது. கனகலிங்கம் அதற்குக் கீழே வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். இப்படியான தாள்களை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தால் ஏன் வாசித்தாய் என்ற கேள்வி வரும் என்பது அவருடைய அனுபவம்.

பத்து இருக்கை வானில் பயணிகள் நான்கு பேர். மிச்ச இருக்கைகளில் இரண்டு ஒலிபெருக்கியும், பணிப்பாளரும், பணிப்பாளரின் கோப்புகளும் இருந்தன. முன்வரிசையில் ரொறன்ரோவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருந்த நிவேதனாவும் அவள் கணவன் சுபாங்கனும். சுபாங்கனுக்கு இன்னும் கனடா நேரம், ஏறியவுடனேயே நித்திரையாகிவிட்டான். கனகலிங்கத்துக்குப் பக்கத்தில் ஏரம்பு என்று ஒரு இளைப்பாறிய எழுதுவினைஞர், வயது எழுபத்துநான்கு. கழுத்தைச் சுற்றி ஆசுப்பத்திரியில் போடுகிற தடித்த வெள்ளைப்பட்டி கட்டியிருந்தார். வானுக்குப் பின்னால் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. அதில் புதுப் பெயிண்ட் அடித்த பலகைகளும் முட்கம்பிச் சுருளும் ஏற்றியிருந்தது. எழில் உலாவுக்கு முட்கம்பி எதற்கு என்று கனகலிங்கம் யாரையும் கேட்கவில்லை. முட்கம்பியைப் பற்றி அவர் என்றுமே கேள்வி கேட்டதில்லை.

கோட்டையைக் காட்டிப் பணிப்பாளர் ஒலிபெருக்கியில் பேசினார். நான்கு பேருக்கு எதற்கு ஒலிபெருக்கி என்று கேட்கக்கூடாது, பாதீட்டில் இருந்தது.

“கோட்டை எமது சபையின் இலட்சியத் தலம். கல் இருக்கிறது, கடல் இருக்கிறது, குடியிருப்பவர் எவரும் இல்லை. துவைத்த உடுப்புக் காயவில்லை. கோழி மேயவில்லை. ஓர் இடம் எழில்பெறுவதற்கு மிகப்பெரிய தடை அங்கே வாழும் மக்களே என்பதை எமது ஆய்வு நிறுவியுள்ளது. எனினும் சபை மக்களுக்கு எதிரானது அல்ல. மக்கள் சற்றுத் தள்ளி இருந்தால் போதும் என்பதே எமது தாழ்மையான கோரிக்கை.”

நிவேதனா கைதட்டினாள். வான் பண்ணைக் கடலோரத்துக்குத் திரும்பியது.

அங்கே ஒரு மீன்வாடி. கிடுகுக் கூரை, பக்கத்தில் கம்புகளில் நீல வலை காய்ந்துகொண்டிருந்தது. ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஒரு பெண் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கொடியில் பள்ளிக்கூடச் சட்டை இரண்டு. வெள்ளை வான் வேகம் குறைத்தது, அவ்வளவுதான். வலை பொத்தியவர் ஊசியைப் போட்டார், மீன் வெட்டியவள் கத்தியைப் போட்டாள். வான் நிற்பதற்குள் அங்கே ஒருவரும் இல்லை. பாதி வெட்டிய மீனும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன.

“பார்த்தீர்களா!” என்றார் பணிப்பாளர். “எமது வருகையை மதித்துத் தாமாகவே ஒதுங்குகிறார்கள். போன மாதமும் எல்லா இடத்திலும் இப்படித்தான். இதைச் சபை ‘சுயவிருப்ப ஒதுங்கல்’ என்று பதிவு செய்கிறது.”

“ஐயோ, சோ பியூட்டிஃபுல்!” என்று நிவேதனா தலையை ஆட்டினாள். நித்திரையில் இருந்த சுபாங்கனின் தலை முன்னுக்கு விழுந்து எழும்பியது. பணிப்பாளர் இரண்டையும் குறித்துக்கொண்டு கனகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “ஐயா, அழகாக இல்லையா?”

உத்தியோகத்தர் கேட்கிறார். கனகலிங்கத்தின் தலை ஆடியது.

தனுஷிகா விசில் ஊதினாள். லாண்ட்மாஸ்டரிலிருந்து இரண்டு பேர் குதித்து, வாடிக்கு முன்னால் குழி தோண்டிப் பலகையை நட்டார்கள். ‘எழில்காட்சித் தலம், இல. 14. அனுமதியின்றி வசித்தல், வலை உலர்த்தல், மீன் வெட்டுதல் தடைசெய்யப்பட்டுள்ளது.’ பிறகு முட்கம்பியை இழுக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடச் சட்டை இரண்டும் கம்பிக்கு உள்ளே மாட்டிக்கொண்டன.

“பிள்ளை, என்ன இது?” என்றார் கனகலிங்கம்.

தனுஷிகா குனிந்து மெதுவாகச் சொன்னாள். “மூண்டு நிமிசத்துக்குள்ளை மூண்டு பயணியின்ரை தலை ஆடினால் அந்த இடம் எழில் ஐயா. சட்டம். உங்கடை தலைதான் மூண்டாவது.”

“நான் சும்மா ஆட்டினனான். ஐயா கதைக்கேக்கை ஆட்டினது.”

“சும்மா ஆட்டினது எண்டு எழுதப் படிவத்திலை இடமில்லை ஐயா.”

பணிப்பாளரின் காதில் இது விழுந்துவிட்டது. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்பதால் உற்சாகமாகிவிட்டார். “பேச்சுப் பொய் சொல்லும். எழுத்துப் பிழைவிடும். தலை மட்டும் பொய் சொல்லாது. பயணி வாகனத்தை விட்டு இறங்கவும் தேவையில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடி தலையை அசைத்து அடையாளம் காட்டினால் போதும், மிச்சத்தைச் சபை பார்த்துக்கொள்ளும். உலகத்திலேயே இப்படி ஒரு முறை இதுதான் முதற்தடவை என்று நினைக்கிறேன்.”

“முதற்தடவை இல்லை” என்றார் ஏரம்பு, யன்னலைப் பார்த்துக்கொண்டு.

கனகலிங்கத்துக்கும் அது தெரியும். எண்பத்தெட்டாம் ஆண்டு ஒரு விடியற்காலை, ஆமிக்காரர் வந்து ஊரில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிற்பாட்டினார்கள். ஒரு ஜீப் நின்றது. ஜீப்புக்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவன் இருந்தான். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். சாக்கு ஆடினால் இடதுபக்கம், ஆடாவிட்டால் வீட்டுக்கு. கனகலிங்கத்துக்கு இரண்டு பேருக்கு முன்னால் நின்றவன் இரத்தினம்மாவின் அண்ணன். சாக்கு ஆடியது, அவன் பிறகு திரும்பி வரவில்லை. கனகலிங்கம் போய் நின்றபோது ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. சாக்குக்குள் இருந்து காட்டிக்கொடுப்பவனுக்கு ஊர் வைத்த தலையாட்டி என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் ஒருவரும் வாயால் சொல்வதில்லை.

இப்போது அவர் ஜீப்புக்குள் இருக்கிறார். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. இறங்கி ஓடவேண்டும்போல் இருந்தது. ஆனால் வெள்ளை வானிலிருந்து இறங்கி ஓடுகிற ஒருவனை ஊர் என்ன நினைக்கும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“அண்ணை, உங்களுக்குக் கழுத்திலை என்ன?” என்று ஏரம்புவை மெல்லக் கேட்டார்.

“ஒண்டுமில்லை தம்பி. பாமசியிலை வாங்கினனான். போன மாத உலாவுக்குப் போன ஒருத்தர் சொன்னவர்.” ஏரம்பு பட்டியைத் தட்டிக் காட்டினார். “இது கட்டினால் ஆட்ட ஏலாது பாருங்கோ. நினைச்சாலும் ஏலாது.”

நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலுக்கு முன்னால் வான் நின்றது. முந்நூறு சைக்கிள். பிள்ளைகள் சாளரத்தால் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் பின்கதவால் போய்விட்டார்கள். வாத்தியார் வெண்கட்டியோடு மதிலேறிக் குதித்ததைக் கனகலிங்கம் தன் கண்ணால் கண்டார். “கைவிடப்பட்ட சைக்கிள்கள்! எவ்வளவு தனிமை!” என்றார் பணிப்பாளர். நிவேதனாவின் தலை ஆடியது. சுபாங்கனின் தலை தொங்கி ஆடியது. பணிப்பாளர் அதை ‘ஆழ்ந்த இரசனை’ என்று எழுதினார். கனகலிங்கம் இரண்டு கையாலும் முன்னிருக்கையைப் பிடித்து, பல்லைக் கடித்து, கழுத்தை விறைப்பாக வைத்திருந்தார். பணிப்பாளர் கேட்டார், திருப்பிக் கேட்டார், சிரித்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு தரமும் தலை ஆடப் பார்த்தது. ஐம்பத்தொன்பது வருடப் பழக்கத்தைக் கழுத்துநரம்பால் பிடித்து நிறுத்துவது என்ன பாடு என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும். மூன்று நிமிடம் முடிந்ததும் தனுஷிகா, “எழில் போதாது” என்று எழுதினாள். பதினைந்தாம் இலக்கப் பலகை லாண்ட்மாஸ்டரிலேயே கிடந்தது.

வான் காங்கேசன்துறை வீதியால் வடக்கே திரும்பியபோது கனகலிங்கம் தனுஷிகாவின் மடியில் கிடந்த நிகழ்ச்சிநிரலை எட்டிப் பார்த்தார். நான்காவது தரிப்பு: ‘கடலோரத் தனிவீடு. தகரக்கூரை, கிணறு, பத்து வாழை. கைவிடப்பட்டது எனக் கருதப்படுகிறது.’ பக்கத்தில் மேலிருந்து எடுத்த ஒரு படம். கிணற்றுக்கட்டில் காய்ந்த சேலையை அவருக்குத் தெரியும். இரத்தினம்மாவின் சேலை.

முப்பத்துமூன்று வருடம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த காணி. மறுபடியும் கம்பி. இந்த முறை எதிரியும் இல்லை, சண்டையும் இல்லை, வெறும் அழகு. அழகுக்கு எதிராக எந்தக் கச்சேரியில் போய் மனுக் கொடுப்பது?

“அண்ணை, உந்தப் பட்டியை ஒரு பத்து நிமிசத்துக்குத் தருவீங்களே? அடுத்தது என்ரை வீடு.”

ஏரம்பு அவரைப் பார்த்தார். உண்மையான இரக்கத்தோடுதான் பார்த்தார். “தரலாம் தம்பி. ஆனால் ஆறாவது தரிப்பு பருத்தித்துறையிலை என்ரை மகளின்ரை வீடு. கழட்டிப்போட்டுத் திருப்பிக் கட்டேக்கை அந்தாள் கண்டிட்டால் ரெண்டு வீடும் போயிடும்.”

கனகலிங்கம் முன்னால் குனிந்தார். “பிள்ளை நிவேதனா, ஒரு உதவி. அடுத்த இடத்திலை தலையை ஆட்டிப்போடாதையம்மா. அது எங்கடை வீடு.”

“உங்கடை வீடோ அங்கிள்! வாவ்!” நிவேதனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப நான் கட்டாயம் ஆட்டுவன். உங்களுக்குச் சப்போர்ட் பண்ணாமல் ஆருக்குப் பண்ணுறது?”

அவர் விளக்கிச் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் வான் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது.

இரத்தினம்மா முற்றத்தில் நின்றார். காதில் போன். ஏறியதும் எடுக்கிறேன் என்று போன மனுசன் எடுக்கவில்லை. எடுத்தால் மணி அடித்து அடித்து நிற்கிறது. அந்த நேரத்தில் வாசலில் வெள்ளை வான். கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளிருந்து கனகலிங்கம் எல்லாவற்றையும் பார்த்தார். இரத்தினம்மா வாயைக் கையால் பொத்தினார். உள்ளே போனார். காணி உறுதியும் அடையாள அட்டையும் வைத்த பையோடு வந்தார். பின்வேலியில் இருந்த இடைவெளிப் பொட்டுக்குள்ளால் குனிந்து போனார். எல்லாம் அரை நிமிடம். அவருடைய வாழ்க்கையில் அது பன்னிரண்டாவது இடப்பெயர்வு என்பதால் கை கால் ஒன்றும் தடுமாறவில்லை.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. குசினித் தகரத்துக்கு மேலால் புகை எழும்பியது.

“ஆகா” என்று பணிப்பாளர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண் கலங்கியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், கலங்கியது. “புகை இருக்கிறது. ஆளில்லை. மனிதர் இல்லாத வாழ்க்கை. இதைத்தான் நான் பத்து வருடமாகத் தேடினேன்.”

நிவேதனாவின் தலை ஆடியது. சுபாங்கனின் தலை ஆடியது. லாண்ட்மாஸ்டரில் வந்தவர்கள் பதினைந்தாம் இலக்கப் பலகையை இறக்கி, வாசலில் சாத்தினார்கள்.

“இது என்ரை வீடு” என்றார் கனகலிங்கம்.

பணிப்பாளர் கோப்பைத் திறந்தார். “காலையில் நீங்கள் கையெழுத்திட்ட படிவம். ‘நான் பயணி, காட்சி அல்லேன். காட்சிகளில் எதற்கும் உரிமை கோரமாட்டேன்.’ உங்கள் கையெழுத்துத்தானே?”

“கையெழுத்து என்ரை. வீடும் என்ரை.”

“சபை கல்மனம் கொண்டதல்ல. இப்படியான சந்தர்ப்பத்துக்கும் விதி வைத்திருக்கிறோம். இது உங்கள் வீடுதான் என்று நீங்கள் உறுதிப்படுத்தலாம். ஆம் எனில் தலையை அசையுங்கள்.”

“அசைச்சால்?”

தனுஷிகா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அசைச்சால் மூண்டாவது தலை ஐயா.”

“வாயாலை ஓம் எண்டு சொல்லுறன். ஓம், இது என்ரை வீடு!”

“வாய்க்குப் படிவத்தில் நிரல் இல்லை” என்றார் பணிப்பாளர். உண்மையிலேயே அவருக்கு வருத்தம். “அடுத்த ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கலாமா என்று பார்க்கிறேன். கதவைத் திறந்துவிடு தனுஷிகா, ஐயா நன்றாகப் பார்க்கட்டும்.”

தனுஷிகா வானின் கதவை இழுத்துத் திறந்தாள். வேலிக்குப் பின்னால் நின்ற இரத்தினம்மா அப்போதுதான் உள்ளே இருந்தவரைக் கண்டார்.

அவர் ஓடியிருக்கலாம். பை கையில் இருந்தது. பின்னால் ஒழுங்கை இருந்தது. ஓடவில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு முற்றத்துக்குக் குறுக்கால் வந்து, வானுக்கு முன்னால் நின்று பணிப்பாளரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“என்ரை மனிசனை விடுங்கோ ஐயா. அவர் ஒண்டும் செய்யேல்லை.”

“அம்மா, இது சுற்றுலா” என்றார் பணிப்பாளர்.

“ஓம் ஐயா. முந்தியும் உப்பிடித்தான் ஏதேனும் சொல்லுவினம். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டுவினம். அவர் வருத்தக்காரன், மருந்திலை இருக்கிறவர். காணி வேணுமெண்டால் எழுதித்தாறன், ஆளை இறக்கிவிடுங்கோ.”

உறுதிப் பையை இரண்டு கையாலும் நீட்டினார். எத்தனையோ இடத்துக்குச் சுமந்து, மழையில் தலையில் வைத்துக் காப்பாற்றிய பை.

பணிப்பாளருக்கு இது நிகழ்ச்சிநிரலில் இல்லாத விடயம். மணிக்கூட்டைப் பார்த்தார். “இங்கே ஒருவர் வசிப்பதாகத் தெரிகிறது. அதுவும் பதிவு செய்யப்படவேண்டும். ஐயா, இந்த அம்மையார் உங்கள் மனைவிதானா? தலையை அசைத்தால் போதும்.”

இரத்தினம்மா நிமிர்ந்தார். வெள்ளை வான். கறுப்புக் கண்ணாடி. உள்ளே தன் மனுசன். பக்கத்தில் ஒரு உத்தியோகத்தர், தன்னைக் காட்டி, தலையை அசை என்கிறார். சபையையும் அவருக்குத் தெரியாது, மூன்று தலை விதியையும் தெரியாது. ஆனால் இதற்குமேல் அவருக்கு ஒருவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. முகத்தில் இருந்த அழுகை நின்றுவிட்டது.

“ஆட்டாதையுங்கோ” என்றார்.

கனகலிங்கம் ஆட்டவில்லை. மூன்று நிமிடம். வேர்வை நெற்றியிலிருந்து கண்ணுக்குள் இறங்கியது. துடைத்தால் தலை அசைந்துவிடும் என்று துடைக்கவில்லை. முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளை, ஓம் என்ரை மனிசிதான் என்று சொல்லக் கழுத்து ஒவ்வொரு கணமும் துடித்தது. அவளைப் பார்த்தால் ஆடிவிடும் என்று பயந்து கிணற்றுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிவேதனா, தலை ஆடிவிடாமல், தன்னுடைய நாடியைத் தானே கையால் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு ஏதோ விளங்கத் தொடங்கியிருக்கவேண்டும்.

தனுஷிகா விசில் ஊதாமல் நேரம் முடிந்தது என்று வாயால் சொன்னாள். பணிப்பாளர் பேனாவை எடுத்து, சொல்லிச் சொல்லி எழுதினார். “தரிப்பு நான்கு. எழில் போதாது. பயணி வீட்டையோ மனைவியையோ அடையாளம் காட்டவில்லை.” மூடியைப் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். “நல்ல புகை.”

“நான் இறங்குறன்” என்றார் கனகலிங்கம்.

“இறங்கினால் நீங்கள் பயணி அல்ல, காட்சி. பிறகு ஏற முடியாது.”

“பரவாயில்லை ஐயா.” பழக்கத்தில் ஆடப்போன தலையைக் கையால் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

தனுஷிகா துணிப்பைக்குள்ளிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். இருபத்துமூன்று தவறிய அழைப்பு. வான் பருத்தித்துறைப் பக்கம் போய் மறையும் வரைக்கும் இருவரும் முற்றத்தில் அசையாமல் நின்றார்கள். பலகையை லாண்ட்மாஸ்டர்காரர் மறக்காமல் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. மேல்சோற்றை வழித்தெடுத்துச் சம்பலோடு சாப்பிட்டார்கள். பிறகு இரத்தினம்மா நல்லெண்ணெய் சூடாக்கி, அவருடைய கழுத்தில் தேய்த்துவிட்டார். கழுத்து மரக்கட்டைபோல் இறுகியிருந்தது. எண்ணெய் இறங்க இறங்க கனகலிங்கத்துக்குப் பேச்சு வந்தது. கதையைச் சொன்னார். ஏரம்புவின் பட்டியைச் சொன்னபோது இரத்தினம்மா சிரித்தார். நித்திரைத் தலையை ஆழ்ந்த இரசனை என்று எழுதினதைச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மதிலேறிக் குதித்த வாத்தியாரை இரண்டாந்தரம் சொல்லச்சொல்லிக் கேட்டார். பயந்து செத்த மனிதர்கள் தப்பிய பிறகு சிரிக்கிற சிரிப்பு அது; நிற்பாட்டுவது கஷ்டம்.

“வாசலிலை சாத்தினது பதினைஞ்சாம் நம்பர் பலகை, என்ன?” என்று கேட்டார் சிரிப்போடேயே.

“ஓம். கடவுளே எண்டு தப்பினம்.”

“அப்ப பதினாலாவது எது?”

கனகலிங்கம் எண்ணெய்ச் சட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“உங்களைத்தான் கேக்கிறன். பதினாலாவது எங்கை நட்டவங்கள்?”

“பண்ணையிலை. ஒரு மீன்வாடி.”

“அதுக்கு மூண்டாவதாய் ஆர் ஆட்டினது?”

முற்றத்தில் வாழையிலை காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கனகலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டு, “நான் தெரியாமல் ஆட்டினனான், இரத்தினம். அந்தாள் அழகோ எண்டு கேட்டவர். பழக்கத்திலை ஆடிப்போட்டுது” என்றார்.

“ஆரின்ரை வாடி?”

“பேர் தெரியாது.”

கழுத்தில் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. எடுக்கவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. எண்ணெய்க் கை அப்படியே கழுத்தில் கிடந்தது. கனகலிங்கத்துக்குத் திரும்பி அவருடைய முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

“விடியப் போங்கோ” என்றார் இரத்தினம்மா கடைசியில். “போய் அந்தச் சனத்தைத் தேடிப்பிடிச்சுச் சொல்லுங்கோ.”

“என்னெண்டு சொல்லுறது?”

“ஆட்டினது நீங்கள்தான் எண்டு.”

கடிதம் வந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து கனகலிங்கம் எத்தனையோ விதமாகப் பயந்துவிட்டார். ஆனால் உண்மையான பயம் எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.